எட்டு சிலிண்டருக்கு ஒரு கேஸ் டேங்க்

ஜனவரி 8, திங்கள்

நேற்றைய ஞாயிறு ஓட்டத்தில் ஒரு டேங்க் பெட்ரோல் முழுதாகக் காலி. காலையில் அலுவலகம் போகிற வழியில் மறுபடி நிரப்பினேன். பங்க்காரருக்கு என்னைத் தெரியும். எடையளவுத் துறை ஆய்வாளர் என்பதால் என்னைக் கண்டாலே அவர் முகம் ஒரு தினுசாகப் போகும். இன்று அவரே பேச்சுக் கொடுத்தார். "சார், எங்க மீட்டர் மேல சந்தேகப்படாதீங்க. உங்க வண்டி மேல படுங்க. இது குடிக்கல சார், குளிக்குது."

சிரித்துவைத்தேன். உள்ளுக்குள் சுருக்கென்றது.

யானையைக் கட்டித் தீனி போட முடியுமா என்பார்கள். நான் ஐந்து வருடமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். எட்டு சிலிண்டர், நானூற்று இருபது குதிரைசக்தி, எனக்கு முன் ஒரு பல் மருத்துவர் வைத்திருந்த வண்டி. வீட்டிலிருந்து என் அலுவலகம் இரண்டு கிலோமீட்டர். நடுவில் நான்கு சிக்னல். மூன்றாவது கியருக்கு மேல் போட வழியில்லை. நாலு, ஐந்து, ஆறு எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கு. அன்று எங்கள் கார் கிளப்காரர்களோடு முந்நூறு கிலோமீட்டர் போய், ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வருவேன்.

இதை வாங்கியபோது மனைவியின் சின்ன வெள்ளைக் காரைக் கொடுத்துவிட்டோம். ஒரு வீட்டுக்கு எதற்கு இரண்டு கார் என்று கேட்டேன். சரி என்றாள். அவள் எதற்கும் சரி என்றுதான் சொல்வாள், வசதியான குணம். அவளுக்கு ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய அரசு மருத்துவமனையில் வேலை, டயாலிசிஸ் பிரிவில் ஹெட் நர்ஸ். முப்பத்தொரு கிலோமீட்டர். இரண்டு பஸ். விடிகாலை ஐந்து இருபதுக்குக் கிளம்பிவிடுவாள்.

ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். காரை கேஸுக்கு மாற்றப் போகிறேன். டாக்சி ஓடவில்லையா? வேன் ஓடவில்லையா? எஞ்சினுக்கு என்ன தெரியும், உள்ளே வருவது எதுவென்று?

ஜனவரி 12, வெள்ளி

நான்கு நாட்களாகப் படித்ததில் ஒன்று தெளிவாகிவிட்டது. கேஸின் ஆக்டேன் அளவு பெட்ரோலைவிட அதிகம். என் எஞ்சினைப் போல அழுத்தம் கூடிய எஞ்சினுக்கு அது நல்லதுதான். அதாவது, இது சிக்கனமே இல்லை. பதவி உயர்வு. கிளப்பில் இப்படித்தான் சொல்ல வேண்டும்.

சாயங்காலம் இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது மனைவி வந்து நின்றாள். "நர்ஸ் குவார்ட்டர்ஸ்ல ஒரு ரூம் காலியாகுதாம். பேர் கொடுத்திருக்கேன். வாரத்துல ஆறு நாள் அங்கயே தங்கிட்டு ஞாயித்துக்கிழமை மட்டும் வரலாம்னு பாக்குறேன்."

"சரி" என்றேன்.

கொஞ்ச நேரம் நின்றாள். "சரின்னா?"

"சரின்னா சரிதான்."

உள்ளே போய்விட்டாள். பட்டறை ஒன்றின் முகவரி கிடைத்தது. டாக்சிக்காரர்கள் எல்லாரும் அங்கேதான் போகிறார்களாம்.

ஜனவரி 20, சனி

பட்டறைக்குப் போனேன். கேஸ் மாட்டுகிறவருக்கு டாக்சிக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் மௌனசாமி. காரணப் பெயர். நாற்பது வயது இருக்கும், நகக்கண்ணெல்லாம் கிரீஸ். என் காரை இரண்டு சுற்று சுற்றினார். பானட்டைத் திறந்து பார்த்தார். சாவு வீட்டில் முகத்துணியை விலக்கிப் பார்ப்பவரைப் போல நின்றார்.

"இதுக்கா?"

"ஆமா."

"எதுக்கு?"

பதவி உயர்வு பற்றி விளக்கினேன். கேட்டாரா தெரியவில்லை. கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தினம் எவ்வளவு தூரம் ஓட்டுவீங்க?"

"ஞாயித்துக்கிழமை முந்நூறு கிலோமீட்டர் போவேன்" என்றேன். அவர் கேட்டது தினசரிக் கணக்கு. நான் சொன்னது ஞாயிறு கணக்கு. பரவாயில்லை, அந்தக் காருக்கு அதுதான் கம்பீரமாக இருக்கிறது.

ஜனவரி 27, சனி

முடிந்தது! எட்டு சிலிண்டருக்கும் தனித்தனி கேஸ் இன்ஜெக்டர். டிக்கியில் ஸ்டெப்னி சக்கரம் இருந்த குழியில் வட்டமாக கேஸ் டேங்க். ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு சின்ன பட்டன். அதைச் சுற்றி, டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று காட்ட நான்கு குட்டி விளக்குகள். பட்டனுக்குள் ஒரு பச்சை விளக்கு.

மௌனசாமி இன்று வழக்கத்துக்கு மாறாக இரண்டு வாக்கியம் பேசினார். "பெட்ரோல்ல ஸ்டார்ட் ஆகும். எஞ்சின் தண்ணி சூடானதும் தானா கேஸுக்கு மாறும்." பிறகு பச்சை விளக்கைக் காட்டி ஏதோ ஆரம்பித்தார். "நான் பாத்துக்குறேன்" என்றேன். அளவுக் கருவிகளோடு இருபத்தாறு வருடம் பழகியவனுக்கு ஒரு பட்டனை யாராவது சொல்லித்தர வேண்டுமா? நாற்பது பக்கத்தில் ஒரு கையேடும் கொடுத்தார். காருக்குள் பத்திரமாக இருக்கிறது.

பட்டறையில் வண்டி சூடாகத்தான் இருந்தது. பதினான்கு கிலோமீட்டர் ஓட்டி வந்தேன். உறுமலில் கடுகளவு மாற்றம் இல்லை. கண் கலங்கிவிட்டது என்று இங்கே மட்டும் எழுதுகிறேன்.

ஸ்டெப்னிக்கு இடமில்லாததால் மூன்றாவது மாடிக்குத் தூக்கி வந்து சோபாவுக்குப் பின்னால் வைத்தேன். மனைவி பார்த்தாள்.

"இது எத்தனை நாளைக்கு?"

"இனிமே இங்கதான்."

"இதுக்கு உடனே ரூம் கெடைச்சிடுச்சு பாருங்க" என்றாள்.

ஜனவரி 28, ஞாயிறு

கிளப்காரர்கள் கூடுவது எங்கள் தெருமுனைக்கு அடுத்த பெட்ரோல் பங்கில். தலைமை தாங்குகிறவர் டைல்ஸ் வியாபாரி, எல்லாரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவோம். என் டிக்கியைத் திறந்து பார்த்தார். பிறகு எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். ஆக்டேன் பற்றி நான்கு நாள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். இரண்டு வார்த்தைகூட முடிக்கவில்லை.

"புலி பசிச்சாலும் புல்லைத் தின்னாதும்பாங்க. உங்க புலி தின்னுடுச்சே சார்!"

பதினோரு பேரும் சிரித்தார்கள். அதோடு விட்டாரா? "தப்பா எடுத்துக்காதீங்க, கேஸ் வண்டி. எல்லாருக்கும் கடைசியா, கொஞ்சம் எட்டவே வாங்க."

எனக்கு வயிற்றில் ஏதோ கோளாறு என்று சொல்லிவிட்டுக் கிளம்புவதற்கு முன்பே திரும்பி வந்துவிட்டேன். வீட்டில் மனைவி கேட்டாள், "போகலையா?" இல்லை என்றேன். டீ போட்டுக் கொடுத்தாள். காரணம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். இனி ஞாயிறு ஓட்டம் கிடையாது. இவர்களுக்கு வயிற்றெரிச்சல், வேறென்ன.

பிப்ரவரி 5

ஒரு வாரம் அலுவலகம் போய் வந்தாயிற்று. நான்கு விளக்கும் எரிகிறது. கேஸ் சொட்டுக்கூடக் குறையவில்லை.

பிப்ரவரி 16, வெள்ளி

மூன்று வாரம். இன்னும் நான்கு விளக்கு! பட்டனுக்குள் இருக்கும் பச்சை விளக்கு, நான் சாவி போட்ட நொடியிலிருந்து அலுவலக வாசல் வரை அழகாகக் கண் சிமிட்டிக்கொண்டே வருகிறது. நான் வேலை செய்கிறேன், நான் வேலை செய்கிறேன் என்று சொல்வது போல. பெட்ரோல் முள் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. அது ஸ்டார்ட் செய்வதற்கு. அதுதான் மௌனசாமி முன்பே சொன்னாரே.

மதியம் கேண்டீனில் கால் மணி நேரம் பேசினேன். கேஸ் எப்படி எரிகிறது, எவ்வளவு முழுமையாக எரிகிறது, ஏன் இவ்வளவு குறைவாகச் செலவாகிறது எல்லாம். என் பிரிவு குமாஸ்தா வாயை மூடிக்கொண்டு கேட்டிருக்கலாம். "கேஸ் குறையவே இல்லைங்கிறீங்க. அப்ப எரியறது எது சார்?"

சிலருக்கு அறிவியலை விளக்குவது செவிடன் காதில் சங்கு ஊதுவதுதான். அவருக்குச் சிரித்துக்கொண்டே, "படிச்சுப் பாருங்க" என்றேன்.

பிப்ரவரி 24, சனி

மகள் போன் செய்தாள். வேறு ஊரில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது.

"அம்மா குவார்ட்டர்ஸுக்குப் போறாங்களாமே?"

"பேர் கொடுத்திருக்கா. லிஸ்ட்ல ரெண்டாவதாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னேன்."

"நீங்க ஒரு ஆளுப்பா" என்றாள். வைத்துவிட்டாள்.

வேறு என்ன சொல்வது? அவள் வேலை, அவள் உடம்பு, அவள் அலைச்சல். வாரத்தில் ஆறு நாள் அங்கே. ஏழில் ஆறு போனால் மிச்சம் ஒன்று. இந்தக் கழித்தலை நான் இதற்கு முன் போட்டுப் பார்க்கவே இல்லை. சாயங்காலம் ஐந்தரைக்கு நான் வரும்போது வீட்டில் விளக்கு எரியும். அவள் குளித்து முடித்து, ரேடியோவை மெல்ல வைத்துவிட்டு, நாளைக்கான சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பாள். நாங்கள் அதிகம் பேசுவதில்லை. அதனால் என்ன? அந்த விளக்கு எரிய வேண்டாமா?

மார்ச் 9, சனி

எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

ஆறு வாரமாகியும் கேஸ் குறையாத அதிசயத்தை மௌனசாமியிடமே சொல்லிவிட்டு வரலாம், அவர் வேலைக்கு ஒரு பாராட்டாக இருக்கும் என்று கிளம்பினேன். வழியில், ஏழாவது எட்டாவது கிலோமீட்டர் இருக்கும், பச்சை விளக்கு சிமிட்டுவதை நிறுத்திவிட்டது. அசையாமல் எரிந்தது. எனக்குப் பகீரென்றது. ஏதோ கெட்டுவிட்டது! மெல்ல உருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

"விளக்கு நின்னுபோச்சுங்க. இத்தனை நாள் நல்லா மினுக்கிட்டிருந்தது."

மௌனசாமி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். லேப்டாப்பை எடுத்து வந்து ஒயரைச் செருகினார். எஞ்சின் எதில் எவ்வளவு நேரம் ஓடியது என்று அது காட்டுமாம். பெட்ரோலில் ஒன்பது மணி நேரம். கேஸில் முப்பத்தெட்டு நிமிடம்.

"இந்த முப்பத்தெட்டு?" என்று கேட்டேன்.

"அன்னிக்கு இங்கருந்து வீட்டுக்குப் போனது. இன்னிக்கு வீட்டுலருந்து இங்க வந்தது." லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கி, "தினம் எவ்வளவு தூரம் ஓட்டுறீங்க?"

"ரெண்டு."

"ரெண்டு மணி நேரமா?"

"கிலோமீட்டர்."

அவர் ஸ்பானர் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். அந்த மனிதர் சிரிப்பார் என்று எனக்கு அதுவரை தெரியாது. "சார், இது பத்து லிட்டர் தண்ணி ஓடுற எஞ்சின். பெரிய வண்டியாச்சே, நல்லா சூடானப்புறம் மாறட்டும்னு வச்சிருக்கேன். அது சூடாகுறதுக்குள்ள நீங்க ஆபீஸ்ல கையெழுத்தே போட்டிருப்பீங்க. விளக்கு மினுக்கினா, காத்துக்கிட்டிருக்குன்னு அர்த்தம். கேஸ் இன்னும் உள்ளயே வரல."

ஆறு வாரமாக அது வேலை செய்கிறேன் என்று சொல்லவில்லை. எனக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

"சீக்கிரம் மாறுற மாதிரி குறைச்சு வைக்க முடியாதா?"

"பச்சைத் தண்ணில மாத்தினா கேஸ் ரெகுலேட்டர் உறைஞ்சு போயிடும்."

"அப்ப நான் என்ன பண்றது?"

"தூரமா போங்க" என்றார். மறுபடியும் மௌனசாமி ஆகிவிட்டார்.

ஆக, மிச்சம் பிடித்ததெல்லாம் கேஸால் இல்லை. ஞாயிறு ஓட்டத்தை நிறுத்தியதால். ஊரில் உள்ள தராசையெல்லாம் சோதிக்கிறவன் தன் வண்டியில் நான்கு விளக்கைப் படிக்கத் தெரியாமல்... அந்தக் குமாஸ்தா முகத்தில் எப்படி விழிப்பேன்? எரியறது எது சார் என்று கேட்டாரே! அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லையே. கையேட்டில் மூன்றாம் பக்கத்திலேயே இருக்கிறது. பெரிய எழுத்தில்.

மார்ச் 10, ஞாயிறு

தூரமாகப் போக வேண்டும். எங்கே?

காலையிலிருந்து யோசித்தேன். அலுவலகம், சந்தை, வங்கி, முடி வெட்டும் கடை எல்லாம் இரண்டு கிலோமீட்டருக்குள் அடங்கிவிட்டது. கிளப்புக்கு இனிப் போக முடியாது. தினம் போய்வரும்படி எனக்குத் தூரத்தில் யாரும் இல்லை, எதுவும் இல்லை. நானூற்று இருபது குதிரையை வைத்துக்கொண்டு போவதற்கு இடம் இல்லாத மனிதன் நான்.

மாலையில் மனைவி பையில் பஸ் பாஸை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் உறைத்தது. கையில் வெண்ணெய் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. முப்பத்தொரு கிலோமீட்டர், தினமும், இந்த வீட்டிலிருந்தே போகிறது!

"நாளையிலருந்து நானே உன்னைக் கொண்டுபோய் விடுறேன்" என்றேன்.

கையை எடுத்து என் நெற்றியில் வைத்துப் பார்த்தாள். "காய்ச்சல் இல்லையே."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். எனக்குத்தான் எதையும் விளக்காமல் இருக்க முடியாதே. பத்து லிட்டர் தண்ணீர், சூடு, மினுக்கும் விளக்கு, ரெகுலேட்டர் எல்லாவற்றையும் சொன்னேன். நோயாளி சொல்வதைக் கேட்பது போல முழுக்கக் கேட்டாள்.

"அதாவது, எஞ்சின் சூடாகணும்கிறதுக்காக என்னை ஏத்திட்டுப் போறீங்க."

"அப்படி இல்ல..."

"அஞ்சு வருஷமா பஸ் ஸ்டாப்ல நிக்கிறேன். இப்பத்தான் உங்க தண்ணிக்கு நான் தேவைப்படுறேன்."

என்ன தப்பா சொல்லிட்டேன் இப்ப? நல்லதுதானே செய்யறேன்னு சொன்னேன்? காரணம் எதுவா இருந்தா என்ன, வண்டி போகுதா இல்லையா? கேட்டா, முகத்தைத் திருப்பிக்கிட்டு இஸ்திரி போடப் போயிட்டா. வசதியான குணமாம். நானே எழுதி வச்சிருக்கேன், ஜனவரில.

மார்ச் 11

ஐந்து மணிக்கே எழுந்து, சட்டை போட்டு, சாவியோடு வாசலில் நின்றேன். பஸ்ஸில் போய்விட்டாள்.

மார்ச் 13, புதன்

மழை. கொட்டு கொட்டென்று கொட்டியது. ஏறிக்கொண்டாள்.

ஆறாவது கிலோமீட்டரில் பச்சை விளக்கு நிலையாக எரிந்தது. "பாரு, மாறிடுச்சு!" என்றேன். தூங்கிக்கொண்டிருந்தாள். தலை ஜன்னலில் இடித்துக்கொண்டிருந்ததால் மெதுவாக ஓட்டினேன். இந்தக் காரை நான் மெதுவாக ஓட்டியது அநேகமாக இதுதான் முதல்முறை.

பஸ் மாறும் இடம் வந்தபோது தானாகவே விழித்துவிட்டாள். பழக்கம். "அந்த ரெண்டாவது தூண் தெரியுது பாருங்க, அங்கதான் நிப்பேன். அதுக்கு மேல மட்டும் ஒழுகாது." மேற்கூரைத் தகடு பாதி இல்லை. ஜனங்கள் ஒருவரை ஒருவர் ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.

"எவ்வளவு நேரம் நிப்ப?"

"இருபது நிமிஷம். சில நாள் நாப்பது."

ஐந்து வருடம், வருடத்துக்கு முந்நூறு நாள், நாளுக்குச் சராசரி அரை மணி என்று மனதுக்குள் பெருக்க ஆரம்பித்தேன். பாதியில் விட்டுவிட்டேன். விடை பெரிதாக வரும் என்று தெரிந்துவிட்டது.

இறங்கும்போது "தேங்க்ஸ்" என்றாள். கட்டின மனைவி. பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வது போல.

மார்ச் 19, செவ்வாய்

ஒரு வாரமாகக் கொண்டுபோய் விடுகிறேன். போகும்போது அவள், வரும்போது காலி. அவள் ஷிப்ட் மூன்று மணிக்கு முடிகிறது, அப்போது நான் அலுவலகத்தில் இருப்பேன். ஆகவே திரும்பி வருவது பழையபடி இரண்டு பஸ்.

இன்று சந்தையில் ஒரு வெங்காய வியாபாரியின் தராசைச் சோதிக்கும்போது நின்றபடியே தூங்கிவிட்டேன். "சார், எடைக்கல்லு கால்ல விழப் போகுது" என்று அவர்தான் எழுப்பினார். அதே தராசுக்கு இரண்டு முத்திரை குத்தியிருந்தேன்.

சாப்பிடும்போது மனைவியிடம் புலம்பினேன். ஐந்து மணிக்கு எழுவது எவ்வளவு கஷ்டம் என்று, ஐந்து வருடமாக நாலரைக்கு எழுகிறவளிடம். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"எஞ்சினுக்குத் தூரம் போகணும். எனக்கும் தூரம் போகணும். நடுவுல நீங்க எதுக்கு?"

"புரியல."

"சாவியைக் குடுங்க. நானே ஓட்டிட்டுப் போய், நானே ஓட்டிட்டு வர்றேன். நீங்க ஆபீஸுக்கு நடங்க. ரெண்டு கிலோமீட்டர்தானே."

"நானூத்தி இருபது குதிரை! அந்த கிளட்ச் எவ்வளவு கனம்னு தெரியுமா உனக்கு?"

"ஆளைத் தூக்கிக் கட்டில் மாத்திப் போடுறேன் தினம். கிளட்சைக் காலால மிதிக்கத்தானே சொல்றீங்க, தலையில தூக்கவா சொல்றீங்க?"

அது வேற, இது வேற. அந்த வண்டியோட போக்கு எனக்குத்தான் தெரியும். மழைல பின்சக்கரம் வழுக்கும். ரிவர்ஸ்ல ஒண்ணுமே தெரியாது. எதையாவது இடிச்சு வச்சான்னா? ஆறு வாரம் மினுக்கினதைக் கண்டுபிடிக்கத் தெரியாதவனுக்குத்தான் வண்டியோட போக்கு தெரியுமாக்கும்! சே. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

மார்ச் 21, வியாழன்

குவார்ட்டர்ஸ் கடிதம் வந்துவிட்டது. லிஸ்டில் முதலாவதாக இருந்தவர் வேண்டாம் என்றுவிட்டாராம். ரூம் இவளுக்கு. மாதக் கடைசிக்குள் பதில் தர வேண்டும். கூடவே ஒரு படிவம்: ஏற்கிறேன் என்று ஒரு கட்டம், ஏற்கவில்லை என்று ஒரு கட்டம்.

படித்துவிட்டு ஸ்டெப்னி மேல் வைத்தாள். அது இப்போது எங்கள் வீட்டில் பேப்பர் வைக்கும் மேசை. நான் அந்தப் பக்கம் நான்கு தடவை போய்விட்டு வந்தேன். இரண்டு கட்டமும் காலி.

அவள் போய்விடுவாள் என்று பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன். காரா நானா என்று அவள் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நெஞ்சை நிமிர்த்தி, நீதான் என்று வசனம் பேசியிருப்பேன். அப்புறம் கீழே போய்க் காரைத் துடைத்திருப்பேன். கேட்காமல் விட்டதால் ஐந்து வருடமாக நானே பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன், தினமும் காலை ஐந்து இருபதுக்கு, தூங்கியபடி.

மார்ச் 23, சனி

இன்று சொல்லிவிடுவது என்று அவள் முன்னால் போய் உட்கார்ந்தேன். "அந்த ரூம்ல ஜன்னல் இருக்கா?" என்று கேட்டேன். இருக்கிறது என்றாள்.

மார்ச் 24, ஞாயிறு

காலையில் சாவியை அவள் கையில் வைத்தேன். பேச்சு வராது என்று தெரிந்துவிட்டதால் இதுதான் சுலபமாகத் தோன்றியது.

முதல் சிக்னலில் ஒரு தடவை எஞ்சின் நின்றுபோனது. எனக்குள் ஒரு அற்ப சந்தோஷம். அது அந்த ஒரு தடவையோடு சரி. இரண்டாவது சிக்னலைத் தாண்டும்போதே கிளட்ச் அவள் காலுக்கு அடங்கிவிட்டது. நான் "பாத்து, பாத்து" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். "நீங்க கொஞ்சம் வெளிய பாருங்க" என்றாள்.

புறவழிச் சாலையில் பச்சை விளக்கு நிலைத்தது. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மிதித்தாள். எனக்கு முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. முன்னால் பளபளவென்று ஒரு வரிசை போய்க்கொண்டிருந்தது. எங்கள் கிளப். மறந்தே போயிருந்தேன், இன்று ஞாயிற்றுக்கிழமை. எல்லாருக்கும் கடைசியாக வர வேண்டிய கேஸ் வண்டி ஒவ்வொருவராகத் தாண்டியது. கடைசியில் கேப்டனையும். என் மனைவி நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டு ஆறாவது கியரைப் போட்டாள்.

"யாருங்க அவர்? கையை ஆட்டுறாரு."

"யாரோ தெரியாதவங்க" என்றேன்.

சிரித்தாள். சத்தமாக, வாயைத் திறந்து. பல வருடமாக நான் கேட்காத சிரிப்பு. புல்லைத் தின்ற புலிதான், ஆனால் ஓட்டுகிறவர் யார் என்று பார்க்க வேண்டாமா கேப்டன்!

திரும்பும்போது ஒரு பாலத்தின் மேல் எப்படியோ வாயில் வந்துவிட்டது. "போகாத."

"எங்க?"

"குவார்ட்டர்ஸுக்கு."

முன்னால் ஒரு லாரி. அதைத் தாண்டி முடிக்கும் வரை அவள் கவனம் அதில்தான் இருந்தது.

"இதை ஜனவரில சொல்ல மாட்டீங்களா?" என்றாள். வீடு வந்துவிட்டது. ரிவர்ஸ் எடுத்து ஒரே மூச்சில் தூணுக்கும் சுவருக்கும் நடுவில் நிறுத்தினாள். எனக்கு மூன்று தடவை முன்னும் பின்னும் போக வேண்டும்.

மார்ச் 25, திங்கள்

ஐந்து நாற்பதுக்கு அவள் கிளம்பினாள். மாடியிலிருந்து சத்தத்தைக் கேட்டேன். தெரு திரும்பும் வரை கேட்டது. அலுவலகத்துக்கு நடந்தேன், இருபத்துநான்கு நிமிடம். சிக்னலில் நிற்கத் தேவையில்லை என்பதால் காரில் போவதைவிடக் கால் மணி நேரம்தான் அதிகம். இதை யாரிடமும் சொல்லப் போவதில்லை.

படிவம் இன்னும் ஸ்டெப்னி மேலேயே இருக்கிறது. இரண்டு கட்டமும் காலி.

மார்ச் 27, புதன்

சாயங்காலம் நான் வரும்போது வீட்டில் விளக்கு எரிந்தது. "ரெண்டு விளக்குதான் எரியுது. கேஸ் எங்க போடணும்?" என்று கேட்டாள். அட, குறைந்துவிட்டது! ஆறு வாரம் அசையாமல் இருந்த விளக்கு, ஞாயிறு நான் நிரப்பி வைத்ததிலிருந்து மூன்றே நாளில் பாதியாகிவிட்டது! எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைப் பார்த்து அவளுக்குப் பயமாகிவிட்டது. குமாஸ்தாவிடம் நாளை சொல்ல வேண்டும், எரிவது கேஸ்தான் என்று.

அவள் நாலு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டாளாம். முன்பெல்லாம் ஐந்து ஆகும். அந்த ஒரு மணி நேரம் என்ன செய்தாய் என்று கேட்டேன். "சும்மா இருந்தேன்" என்றாள். எனக்கு ஏனோ அது பெரிய விஷயமாகப் பட்டது.

மார்ச் 29, வெள்ளி

காலையில் கிளம்பும்போது ஒரு உறையை என் பக்கத்தில் வைத்தாள். நான் இன்னும் படுக்கையை விட்டு எழவில்லை. "எங்க ஆஸ்பத்திரி ஹவுசிங் பிரிவு உங்க ஆபீஸுக்கு அடுத்த பில்டிங்தானே. போறப்ப குடுத்துடுங்க."

உறை ஒட்டியிருக்கவில்லை. கார் சத்தம் தெருவைத் தாண்டியதும்தான் திறந்தேன். ஏற்கவில்லை என்ற கட்டத்தில் டிக். அதற்குக் கீழே, காரணம் என்று போட்டு ஒரு வரிக்குத்தான் இடம் விட்டிருந்தார்கள். அவள் கையெழுத்தில், அந்த வரிக்குள் அடங்க: "சொந்த வாகனம் இருக்கிறது."

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

ஹவுசிங் பிரிவில் இருந்த அம்மாள் படிவத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "சொந்த வண்டின்னு போட்டிருக்காங்க. ரெஜிஸ்ட்ரேஷன் அவங்க பேர்லதானே சார்? நீங்க கவர்மெண்ட் ஆபீசர்தானே, சரிபார்த்தேன்னு எழுதி ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க, போதும்."

பதிவுப் புத்தகத்தில் இருப்பது என் பெயர். இருபத்தாறு வருடத்தில் ஒரு கிராம் பொய்க்குக்கூட நான் முத்திரை குத்தியதில்லை. பேனா இருக்கிறதா என்று கேட்டு வாங்கினேன். "சரிபார்த்தேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் என் அலுவலகத்துக்கு நடந்தேன்.